கை எட்டும் தூரத்துச் சிக்னல்

கடலுக்கு அடியில் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள அழுத்தத்துக்கு ஈடாகத்தான் அதைக் கொடுக்கும். அதனால் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுக்கும் ஒருவர் அங்கே 80 லிட்டர் அளவுக்கான காற்றைச் செலவழிக்கிறார். முதுகில் இருப்பது 12 லிட்டர் சிலிண்டர் என்றால் நிமிடத்துக்கு அதன் அழுத்தம் ஏறத்தாழ 7 பார் குறைகிறது. 200 பாருடன் இறங்கியவர், மேலேறுவதற்கான 50 பாரைத் தொடாமல் வைத்துக்கொண்டால், அந்த ஆழத்தில் அவருக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினாலோ, குளிரெடுத்தாலோ, மனம் பதறினாலோ அதுவும் சுருங்கும்.

ஆகவே சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்ற எண், டைவர் பார்க்கும் எண்களிலேயே மிக வேகமாக மாறுகிற ஒன்று. அதைப் பார்க்க வெகுகாலம் ஒரே வழிதான் இருந்தது: சிலிண்டர் வால்வில் பொருந்தும் ரெகுலேட்டர் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வரும் ஓர் உயரழுத்த ஹோஸ், அதன் நுனியில் முள் நகரும் பிரஷர் கேஜ். கேஜுக்குள் வளைந்த உலோகக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் கூடினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. பேட்டரி தேவையில்லை.

1990களில் உவாடெக் நிறுவனத்தின் அலாடின் ஏர் எக்ஸ் போன்ற கருவிகள் இந்த ஹோஸை நீக்கின. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயரழுத்தத் துளையில் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று திருகப்பட்டது. அது சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து அனுப்பும். மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் அதை வாங்கி, ஆழம், நேரம் ஆகியவற்றோடு ஒரே திரையில் காட்டும். இதே வேகத்தில் மூச்சிழுத்தால் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்றும் கணக்கிட்டுச் சொல்லும். நல்ல வசதி. ஆனால் இறங்கிய சில நிமிடங்களில் அந்த எண் மறைந்து வெறும் கோடுகள் தெரிவது இந்தக் கருவியை வைத்திருக்கும் பலருக்கும் நேர்ந்திருக்கும். உடனே பேட்டரியை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் கருவியே கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. சிக்னல் எந்த நேரத்தில், கை எந்த நிலையில் இருந்தபோது, பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தபோது அறுந்தது என்பதிலேயே காரணம் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க, கடல்நீர் மின்காந்த அலையை என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

அதற்கு முன், சிக்னல் அறுந்தது என்பதன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். டிரான்ஸ்மிட்டர் இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதில்லை. பரவலாகப் பயன்படும் வகைகளில் ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை, தன் அடையாள எண்ணையும் அழுத்த அளவையும் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு அடங்கிவிடும். 30 மீட்டரில்கூட 5 விநாடியில் போவது அரை பார்தான். ஒன்றிரண்டு செய்திகள் தவறினால் நஷ்டமில்லை. அதனால்தான் கம்ப்யூட்டர்கள் உடனே கூச்சலிடுவதில்லை. கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. சிலவற்றில் 30 விநாடி கடந்த பிறகு முதல் எச்சரிக்கை வரும், 90 விநாடி கடந்தால் இணைப்பே இல்லை என்ற அறிவிப்பு வரும். அந்த 90 விநாடியில் நம் 30 மீட்டர் டைவர் 10 பாரைச் செலவழித்திருப்பார். கோடுகள் தெரிவதைவிட எனக்குக் கவலை தருவது இந்த இடைவெளிதான்: எண் இருக்கிறது, ஆனால் அது பழைய எண். திரையில் அழுத்தம் சிறிது நேரமாக இறங்காமலே நிற்கிறது என்றால், காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கிறோம் என்று நினைக்கக் கூடாது.

இன்னொன்று. டிரான்ஸ்மிட்டர் மௌனமானாலும் ஆழமும் நேரமும் கம்ப்யூட்டரின் சொந்த உணரியிலிருந்தே வருகின்றன. பெரும்பாலான கருவிகளில் நைட்ரஜன் கணக்கும், மேலேறும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கும் பாதிக்கப்படாமல் தொடரும். இழப்பது காற்றின் அளவை மட்டுமே.

கடல் எதை விழுங்குகிறது

ஃபோனுக்கும் காதுக்கருவிக்கும் இடையே ப்ளூடூத் தடையின்றி ஓடுகிறது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே அதையே ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. கடல்நீரில் அந்த அலை ஒரு சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தியின் மீது மின்காந்த அலை விழும்போது அதற்குள் மின்னோட்டங்கள் எழுந்து, அலையின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகின்றன. அலையின் வீச்சு ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும் தூரத்தை இங்கே ஊடுருவு ஆழம் என்று அழைக்கிறேன். அதிர்வெண் கூடினாலும் சரி, நீரின் கடத்துதிறன் கூடினாலும் சரி, அந்த ஆழம் குறையும். அதிர்வெண்ணை நூறு மடங்கு குறைத்தால் ஊடுருவு ஆழம் பத்து மடங்கு கூடும்.

இந்தக் கணக்கை உலகின் கடற்படைகள் எல்லாம் அறிந்திருக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் அருகே இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990இல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தின் வேலை, மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. அதற்காக 400 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் கோபுரங்கள், 18.2 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண். காற்றில் அந்த அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல்! அப்படியும் வெப்பக்கடல் நீரில் அதன் ஊடுருவு ஆழம் 1.6 மீட்டரை ஒட்டித்தான் வருகிறது. 10 மீட்டர் ஆழத்துக்குப் போவதற்குள் வீச்சு ஏறக்குறைய 500இல் ஒரு பங்காகிவிடும். ஆனாலும் நீர்மூழ்கியால் அதைக் கேட்க முடிகிறது. காரணம் அழகானது: இடி மின்னலால் எழும் வானொலி இரைச்சலையும் கடல் அதே அளவு அமுக்கிவிடுகிறது. சிக்னலும் தேய்கிறது, அதை மூடும் இரைச்சலும் தேய்கிறது.

இன்னும் ஆழம் போக விரும்பிய அமெரிக்கக் கடற்படை 76 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. விஸ்கான்சின், மிஷிகன் மாநிலங்களின் காடுகளில் பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிகளை இழுத்து, அடியிலிருந்த பாறையையே ஆன்டெனாவின் பகுதியாக்கிக்கொண்டது. 2004இல் மூடப்பட்ட அந்த அமைப்பில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை அனுப்பவே சுமார் 15 நிமிடம் ஆனது. அதிர்வெண்ணைக் குறைத்தால் தூரம் கிடைக்கும்; விலையாக ஆன்டெனா பெரிதாகும், பேச்சு மெதுவாகும். கட்டைவிரல் பருமனுள்ள டிரான்ஸ்மிட்டருக்கும் இதே பேரம்தான். பல நிறுவனங்களின் டைவ் கம்ப்யூட்டர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு வகை டிரான்ஸ்மிட்டர் 38 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. வெப்பக்கடலில் அதன் ஊடுருவு ஆழம் 1.1 மீட்டர், குளிர்ந்த கடலில் சற்றுக் கூடுதல். நீட்டிய ஒரு கையின் தூரத்துக்குச் சற்று மேல். கருவி வடிவமைப்பாளர்கள் தற்செயலாக இங்கே வந்து நிற்கவில்லை.

அலை அல்ல, காந்தப்புலம்

38 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 7.9 கிலோமீட்டர். அத்தனை நீள அலையை மூன்று சென்டிமீட்டர் ஆன்டெனாவால் திறம்பட வீச முடியாது. உண்மையில் இந்தக் கருவிகள் வானொலி நிலையம்போல அலையை வீசுவதை நம்பியிருப்பதில்லை. டிரான்ஸ்மிட்டருக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் எழுகிறது. மணிக்கட்டுக் கருவியிலுள்ள இன்னொரு சுருள் அந்தப் புலத்துக்குள் இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. கம்பியில்லா சார்ஜரில் ஃபோன் சார்ஜ் ஆவதும் இதே வழியில்.

சுருளின் அருகே காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் தேய்கிறது. அரை மீட்டரில் இருந்த புலம் ஒரு மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டரில் 27இல் ஒரு பங்கு. ஊடுருவு ஆழத்துக்குள் இருக்கும்வரை கடல்நீர் இதில் எடுத்துக்கொள்வது சிறு பகுதியே. தாண்டிய பிறகுதான் அதன் பங்கு வேகமாகக் கூடுகிறது. ஆகவே சிக்னலைக் கடல் விழுங்கிவிட்டது என்று சொல்வது முழு உண்மையல்ல. நெடுந்தூரம் போகும் உயர் அதிர்வெண்களைக் கடல் பறித்துக்கொண்டது. மிச்சமிருக்கும் அருகாமைப் புலம் தன் இயல்பிலேயே கை எட்டும் தூரத்துக்கு மேல் பயன்படாது. பயன்பாட்டு எல்லை ஒரு மீட்டர் அளவு என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒரு புகைப்பட டைவரின் உடலை நினைத்துப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் பிடரிக்குப் பின்னால், சிலிண்டர் கழுத்தருகே. இரண்டு கைகளும் கேமராவைப் பிடித்தபடி முன்னால் நீண்டிருக்கின்றன. மணிக்கட்டு இப்போது எல்லையின் விளிம்பில் இருக்கிறது. படமெடுத்து முடித்துக் கையைத் தளர்த்தினால் எண் திரும்பி வருகிறது. கருவியில் குறையே இல்லை; தூரம் 60 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குப் போய்வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மும்மடிக் கணக்கில் அது நாலரை மடங்கு வித்தியாசம்.

தூரத்தோடு திசையும் சேர்கிறது. காந்தப்புலக் கோடுகள் வாங்கும் சுருளுக்குள் நுழைந்து போனால்தான் மின்னழுத்தம் எழும். மழையில் குடத்தைப் படுக்க வைத்தால் எவ்வளவு பெய்தாலும் நிரம்பாது. அப்படித்தான், புலத்துக்குக் குறுக்காகத் திரும்பிய சுருள் எவ்வளவு அருகிலிருந்தாலும் ஒன்றையும் வாங்காது. இரண்டு சுருள்களின் அச்சுகள் செங்குத்தாக அமையும் சில நிலைகளில் சிக்னல் பூஜ்ஜியத்தை எட்டிவிடும். கருவியைத் திரை தெரிய நெஞ்சுக்கு முன் கொண்டுவரும்போது சரியாக வேலை செய்து, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் அறுந்துபோவது இதன் அடையாளம். மணிக்கட்டைக் கால் சுற்று திருப்பிப் பார்த்தால் போதும். எண் உயிர்பெற்றால் குற்றவாளி கோணம்தான்.

இடையில் நிற்கும் உலோகத்தையும் மறக்கக் கூடாது. 38 கிலோஹெர்ட்ஸில் அலுமினியத்தின் ஊடுருவு ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, பித்தளையில் அதைவிடச் சற்று அதிகம். சிலிண்டரின் சுவர் அதைப் போலப் பல மடங்கு தடிமன். எனவே சிலிண்டரை ஊடுருவிக் காந்தப்புலம் வராது. சுற்றி வளைந்துதான் வர வேண்டும். டிரான்ஸ்மிட்டர் வலப்பக்கத் துளையிலும் கம்ப்யூட்டர் இடக்கையிலும் இருந்தால் இடையே சிலிண்டர் வால்வும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் குறுக்கே நிற்கின்றன, தூரமும் கூடுகிறது. பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் இரு பக்கமும் உயரழுத்தத் துளை உண்டு. ரெகுலேட்டரைப் பராமரிப்பவரிடம் சொல்லி டிரான்ஸ்மிட்டரைக் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கத்துக்கு மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்து மிக மலிவான, மிகப் பயனுள்ள பழுதுபார்ப்பு. மனித உடல் பற்றிக் கவலை வேண்டாம். அதன் கடத்துதிறன் கடல்நீரைவிடக் குறைவு, காந்தப்புலம் அதைக் கடந்து வந்துவிடும்.

பக்கத்து இரைச்சல்

தூரமும் திசையும் சரியாக இருந்தும் அறுகிறது என்றால் அடுத்து இரைச்சலைத் தேட வேண்டும். கேமராவின் ஸ்ட்ரோப் ஃப்ளாஷ் ஒவ்வொரு முறை மின்னிய பிறகும் தன் மின்தேக்கியைச் சுமார் 300 வோல்ட்டுக்கு மறுபடி நிரப்புகிறது. சில வோல்ட் பேட்டரியிலிருந்து அத்தனை வோல்ட்டை எடுக்க, உள்ளேயிருக்கும் சுற்று மின்னோட்டத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டலின் அதிர்வெண்ணோ அதன் மடங்குகளோ டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண்ணை ஒட்டி வந்துவிட்டால், மணிக்கட்டுச் சுருள் இரண்டையும் சேர்த்தே வாங்கும். ஸ்ட்ரோப் கையருகே, டிரான்ஸ்மிட்டர் பின்னால். அருகிலிருப்பதன் சத்தம்தான் மேலோங்கும். படம் எடுத்தவுடன் அறுந்து, சில விநாடியில் ஸ்ட்ரோப் நிரம்பியதும் திரும்பி வருவது இதன் கையெழுத்து.

வீடியோ விளக்குகள், நீரடி ஸ்கூட்டர்கள், குளிர்நாட்டு டைவர்கள் அணியும் மின்சூடேற்றிய உள்ளாடைகள் என எல்லாவற்றிலும் இதே வகை வெட்டுச் சுற்றுகள் உண்டு. விளக்கின் வெளிச்ச அளவை மாற்றினால் சிக்னல் வந்து போகிறதா என்று பார்க்கலாம். பல விளக்குகள் முழு வெளிச்சத்தில் அமைதியாகவும் பாதி வெளிச்சத்தில் இரைச்சலாகவும் இருக்கும், மங்கலாக்குவதே மின்னோட்டத்தை வெட்டித்தான் என்பதால். ஸ்கூட்டர் பிடித்த கையில் கம்ப்யூட்டரைக் கட்டாமல் மறு கைக்கு மாற்றினாலே பலருக்குத் தீர்ந்துவிடும். மும்மடி விதி இங்கே நமக்குத் துணை: இரைச்சல் மூலத்தை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் அதன் பாதிப்பு எட்டில் ஒன்றாகும்.

கூட வரும் டைவரின் டிரான்ஸ்மிட்டரும் இரைச்சல்தான். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே கணத்தில் பேசினால் இரண்டு செய்திகளும் சிதைந்து போகும். ஒரு டைவரே இரண்டு சிலிண்டர் கொண்டுபோகும்போதும் இது நடக்கும். எப்போதாவது மோதினால் பரவாயில்லை. ஆனால் இரண்டும் சரியாக 5 விநாடி இடைவெளியில், தற்செயலாகக் கால் ஒத்துப்போய்த் தொடங்கிவிட்டால்? ஒரு செய்தியின் நீளம் பத்தில் ஒரு விநாடி என்றும், இரு கடிகாரங்களும் பத்து லட்சத்தில் 20 பங்குதான் வேறுபடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் அவை விலகுவது பத்தாயிரத்தில் ஒரு விநாடி. முழுவதும் விலக ஆயிரம் சுற்று, அதாவது 83 நிமிடம். டைவே முடிந்துவிடும். கடிகாரங்கள் துல்லியமாக இருப்பதே இங்கே தொல்லையாகிறது.

இந்தச் சிக்கலை ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனின் குழு 1971இல் அலோஹாநெட் என்ற வானொலி வலையில் சந்தித்தது. தீவுகளுக்கிடையே பல முனைகள் ஒரே அதிர்வெண்ணைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மோதினால் ஒவ்வொன்றும் தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும் என்பதே அவர்களின் தீர்வு. பின்னால் ஈதர்நெட்டும் வைஃபையும் அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தன. டைவ் டிரான்ஸ்மிட்டர்களில் முதலில் வந்த தீர்வு எளிமையானது: சாம்பல் நிறத்தில் ஒரு வகை, மஞ்சளில் ஒரு வகை, இரண்டுக்கும் வெவ்வேறு இடைவெளி. தொடர்ந்து மோதாமலிருக்க அது போதும். பிறகு ஷியர்வாட்டர் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் போன்றவை, பேசுவதற்கு முன் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத் தம் நேரத்தை மாற்றிக்கொள்ளக் கற்றன. பழைய வகை டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டை ஒருவரே பயன்படுத்தினால் நிறம் வேறாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நண்பர் அருகே வரும்போதெல்லாம் அறுந்து, அவர் விலகினால் திரும்புகிறது என்றால் சந்தேகம் மோதலின் மீது.

தூங்கும் டிரான்ஸ்மிட்டரும் சோர்ந்த பேட்டரியும்

ஒருமுறைகூட எண் வரவில்லை என்றால் கதை வேறு, சுருக்கமும்கூட. டிரான்ஸ்மிட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. சில பார் அழுத்தம் பட்டால்தான் விழிக்கும். சிலிண்டர் வால்வைத் திறக்காமல் எவ்வளவு தேடினாலும் கம்ப்யூட்டர் அதைக் காணாது. அடுத்தது அடையாள எண். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி எண் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் அதன் செய்தியை ஏற்கும். வாடகை ரெகுலேட்டர்கள் கைமாறும் இடங்களில் இது ஆபத்தாகும். உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருப்பவரின் டிரான்ஸ்மிட்டருடன் இணைந்திருந்தால், எண் உயிரோடு மாறிக்கொண்டேயிருக்கும், ஆனால் அது அவருடைய சிலிண்டர். படகிலேயே ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுத்து, கேஜ் முள்ளையும் திரை எண்ணையும் ஒப்பிடாமல் நீரில் குதிப்பது என்னால் ஏற்க முடியாத பழக்கம்.

பேட்டரி பலரும் முதலில் சந்தேகிப்பது. அது குற்றவாளியாக இருக்கும்போது ஏமாற்றுவதும் அதுவே. பல டிரான்ஸ்மிட்டர்களில் இருப்பது 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. ஆயுளின் பெரும்பகுதி வரை அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் சட்டென்று சரியும். மின்னழுத்தத்தை வைத்து மிச்சத்தைக் கணிப்பதால் கம்ப்யூட்டர் நல்ல நிலை என்றே நெடுநாள் காட்டும். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடுகிறது. செய்தி அனுப்பும் கணத்தில் டிரான்ஸ்மிட்டர் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுக்கும். அப்போது மின்னழுத்தம் தாழ்ந்து, புலம் வலுவிழக்கிறது, அல்லது சுற்று அணைந்தே போகிறது. படகில் வெயிலில் சரியாக வேலை செய்து, நீருக்கடியில் குளிர்ந்த அடுக்கை எட்டியதும் மங்கி, மேலே வந்ததும் மறுபடி சரியாவது இதன் நடத்தை. மேலே சோதித்தவர் எல்லாம் சரி என்பார். பேட்டரியை மாற்றும்போது மூடியின் ஓ-ரிங்கில் மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும். உள்ளே புகுந்த ஒரு துளி உப்புநீர் தொடுமுனைகளில் பச்சை படியச் செய்யும். அதன் பின் எந்தப் பேட்டரி போட்டாலும் நிலையில்லாமல் தடுமாறும்.

படகில் சிலிண்டரைத் தூக்கும் ஆட்கள் டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடிப்பதும் உண்டு. அதன் கழுத்து அதற்குச் செய்யப்பட்டதல்ல. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அல்லது 15 சென்டிமீட்டர் நீள உயரழுத்த ஹோஸ் ஒன்றின் நுனியில் டிரான்ஸ்மிட்டரை மாட்டிக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டும்போது அதைக் கம்ப்யூட்டர் கைப்பக்கம் கொஞ்சம் முன்னால் கொண்டுவரவும் முடியும்.

இத்தனை காரணங்களையும் பிரித்தறிய நல்ல சாட்சி டைவ் பதிவுதான். கம்ப்யூட்டர் சில விநாடிக்கு ஒருமுறை ஆழம், வெப்பநிலை, அழுத்தம் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறது. அதை இறக்கிப் பார்க்கப் பல மென்பொருள்கள் உண்டு. அவற்றில் ஒன்றான சப்சர்ஃபேஸை 2011இல் எழுதத் தொடங்கியவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அவரும் ஒரு டைவர். வரைபடத்தில் அழுத்தக் கோடு எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று பாருங்கள். குட்டிக் குட்டி உடைப்புகள் டைவ் முழுதும் சிதறியிருந்தால் தூரமும் கோணமும். படங்களில் பதிந்த நேரத்தோடு உடைப்புகள் பொருந்தினால் ஸ்ட்ரோப். வெப்பநிலைக் கோடு இறங்கும் இடத்திலெல்லாம் உடைந்தால் பேட்டரி. தொடக்கத்திலிருந்தே நீண்ட வெற்றிடம், நண்பரின் பதிவிலும் அதே நேரத்தில் வெற்றிடம் என்றால் மோதல். கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைத்திருந்தால் இந்த ஒப்பீடு எளிதாகும்.

நீருக்கடியில் இருக்கும்போது செய்ய வேண்டியவை குறைவு. மணிக்கட்டை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் தோளருகே கொண்டுபோய்த் திருப்பிப் பிடித்து, இரண்டு மூன்று செய்திகள் வரக்கூடிய நேரம் காத்திருக்க வேண்டும். விளக்கையும் ஸ்ட்ரோப்பையும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம். வரவில்லையென்றால் முள் கேஜைப் பார்த்துத் தொடரலாம். முள் கேஜ் இல்லாதவர் நண்பருக்குச் சைகை காட்டி, டைவை முடித்து ஒழுங்காக மேலேற வேண்டும். ஊகித்துத் தொடர அங்கே இடமில்லை. ஹோஸ் தொல்லை என்று முள் கேஜைக் கழற்றிவிடுவோர் பெருகிவருகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தூரம், கோணம், இரைச்சல், பேட்டரி என்று நான்கு காரணங்களால் மௌனமாகக்கூடிய ஒரு கருவிக்குப் பக்கத்தில், அந்த நான்கில் ஒன்றும் தொடாத ஒரு கருவி இருப்பது அவசியம்.

காந்தப்புலத்தை விட்டு ஒலிக்குப் போனவர்களும் உண்டு. கடல்நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் அளவில் நெடுந்தூரம் போகும். 2020இல் கார்மின் வெளியிட்ட டிசென்ட் எம்கே2ஐ கம்ப்யூட்டர் சிலிண்டர் அழுத்தத்தை மீயொலியாகவே வாங்குகிறது. 10 மீட்டருக்குள் இருக்கும் மற்ற டைவர்களின் காற்றளவையும் அதனால் காட்ட முடிகிறது. ஆனால் மூச்சுக்குமிழிகள் மீயொலியைச் சிதறடிக்கும், காற்று நிறைந்த நுரையீரல் மறைக்கும், பாறைகள் எதிரொலிக்கும். அங்கே சிக்னல் அறுந்தால் தேட வேண்டிய காரணங்கள் வேறு. மணிக்கட்டைத் திருப்புவதைவிட, குமிழித் திரைக்கு வெளியே கையைக் கொண்டுபோவதே பலன் தரும்.

காந்தப்புலக் கருவி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இடுப்பளவு அமைதியான கடல்நீரில், வால்வு திறந்த சிலிண்டரோடு ரெகுலேட்டரை அமிழ்த்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கம்ப்யூட்டரை நீருக்குள்ளேயே வைத்தபடி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகட்டும். ஒவ்வொரு இடத்திலும் 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும், பழைய எண்ணைக் கண்டு ஏமாறாமலிருக்க. மூச்சோ ரெகுலேட்டரில் காற்றை விடுவிக்கும் பர்ஜ் பட்டனோ கொண்டு இடையிடையே கொஞ்சம் காற்றை வெளியேற்றினால் எண் புதியதா என்பது தெரிந்துவிடும். திரையை மூன்று திசைகளில் திருப்பி, எல்லா நிலைகளிலும் எண் நின்றுபோகும் தூரத்தை அளந்து, விளக்கை எரியவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அந்தத் தூரங்களைத் தேதியுடன் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து அதே சிலிண்டர், அதே திசைகளில் திரும்ப அளக்க வேண்டும். எல்லாத் திசைகளிலும் ஒரே விகிதத்தில் எல்லை சுருங்கியிருக்கிறது என்றால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது; ஒரு திசையில் மட்டும் சுருங்கியிருந்தால் டிரான்ஸ்மிட்டர் தன் இடத்தில் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.